ஆய்வகப் படிப்பு வரவா, செலவா?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போதே நம் மாவட்டத்து வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடுகிறது. "பிள்ளை அடுத்து எந்தக் குரூப் எடுக்கப் போகிறாள்?" என்று உறவினர் கேட்பார்கள், ஆலயத்துக்கு வருவோர் கேட்பார்கள், மீன் கொண்டுவரும் அக்காகூட விடமாட்டார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆகவே பெண்ணைப் படிக்க வைக்கலாமா என்ற வாதம் இங்கே எப்போதோ முடிந்துபோயிற்று. எதைப் படிக்க வைப்பது, எவ்வளவு செலவில் படிக்க வைப்பது என்பதே இன்றைய கேள்வி.

மருத்துவராகும் வாய்ப்பு ஒரு சிலருக்கே கிட்டும். செவிலியர் படிப்பு நம் ஊருக்குப் பழகிய வழி. இவ்விரண்டுக்கும் அடுத்தபடியாக இப்போது அதிகம் பேசப்படுவது, டி.எம்.எல்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு. சாதாரணமாக "லேப் டெக்னீஷியன் படிப்பு" என்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டே ஆண்டு, முடித்தவுடன் வேலை, வெள்ளைக் கோட்டு, மருத்துவமனைக்குள் மதிப்பு. பேருந்தின் பின்புறம் முதல் ஆலயத் திருவிழா மலர் வரை இதற்கான விளம்பரத்தைக் காணலாம். நானும் இப்படிப்பில் ஆர்வம் கொண்டவள். அதனால்தான் இதன் வரவையும் செலவையும் என் சிற்றறிவுக்கு எட்டியவரை எடைபோட்டுப் பார்க்க விரும்பினேன். பதினோராம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தவர்களே இதில் சேர முடியும். ஆகவே, தோழியரே, முடிவுக்கான காலம் இன்னும் இரண்டு ஆண்டு கழித்து வருவதன்று. வரப்போகும் ஜூன் மாதத்தில் நாம் எழுதிக் கொடுக்கும் குரூப்பிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

முதலில் அந்த வேலையின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். பின்னர்க் கணக்குக்கு வருகிறேன்.

நம் பாட்டிமார் காலத்தில் சர்க்கரை நோய் உண்டா என்று அறிய, சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சோதனைக் குழாயில் சூடாக்கிப் பார்ப்பார்கள். நீல நிறம் பச்சையாகும். சர்க்கரை கூடக்கூட மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் செங்கல் நிறம் வரும். இன்று ஒரு துளி இரத்தத்தைக் கருவிக்குக் கொடுத்தால் அது எண்ணாகவே சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தத் துளியை யாரிடமிருந்து எடுத்தோம், எந்தக் குழாயில் ஊற்றினோம், அதன்மேல் யார் பெயரை எழுதினோம் என்பதைக் கருவி அறியாது. கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் இரத்த வகைகளைப் பற்றி 1901-இல் வெளியிட்ட செய்தியை நாம் பாடத்தில் படிக்கிறோம். 1930-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். நமக்கு அது தேர்வில் ஐந்து மதிப்பெண். ஆய்வகத்தில் இருப்பவருக்கோ நள்ளிரவில் பிரசவ அறையிலிருந்து ஓடிவரும் ஒரு சீட்டு. தாயின் இரத்தத்தையும் கொடையாளியின் இரத்தத்தையும் கலந்து பொருத்தம் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் பெயர் மாறிப்போனால் உயிரே போகும். டாக்டர் எழுதும் மருந்து, ஆய்வகத்திலிருந்து வரும் தாளை நம்பியே எழுதப்படுகிறது.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிருமியைக் கண்டறிந்த செய்தியை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் நீலப் பின்னணியில் சிவந்த குச்சிகள்போல் அக்கிருமிகள் தெரியும். நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் என்றாலே முன்பெல்லாம் காசநோய் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2001 முதல் அவ்விடத்தில் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் மருத்துவமனையில் சேர்த்ததற்கு ஈடாகக் குணமாகும் என்று உலகத்துக்கே காட்டியது. அந்த முடிவு எப்படிக் கிடைத்தது? நோயாளிகளின் சளியை மாதந்தோறும் வாங்கிப் பொறுமையாகச் சோதித்தவர்களால் கிடைத்தது. அவர்களுடைய பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

நம் மண்ணுக்கு இதில் பழைய உறவும் உண்டு. 1838-இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மருத்துவ மறைப்பணியாளர் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922-லும் 1924-லும் எவரெஸ்டு மலையேறச் சென்ற குழுவில் இருந்த ஹோவர்டு சோமர்வெல், பிறகு பல ஆண்டுகள் அதே நெய்யூரில் அறுவை மருத்துவராக உழைத்தார். இரட்சணிய சேனையாரின் மருத்துவப் பணி நாகர்கோவிலில் 1893-இல் தொடங்கியது. 1860-களில் நெய்யூரில் ஜான் லோ என்ற மருத்துவர் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். அன்று மருத்துவமனையே பள்ளிக்கூடமாக இருந்தது. நோயாளியின் அருகிலேயே நின்று கற்றார்கள். இன்று நிலைமை வேறு. முதலில் பணம் கட்ட வேண்டும், பிறகு சான்றிதழ், அதற்குப் பிறகுதான் நோயாளி.

இனிக் கணக்குக்கு வருவோம்.

எங்கள் தெருவில் உள்ள ஓர் அக்கா இப்படிப்பை முடித்தவர். ஞாயிறு திருப்பலி முடிந்தபின் அவரிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் படித்தது ஒரு தனியார் நிறுவனம். பெயர் இங்கே வேண்டாம். ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபாய். பேருந்து, சீருடை, வெள்ளைக் கோட்டு, ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு மேலும் 15,000. ஆக இரண்டு ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். அவ்வளவு பணம் கையில் இல்லாததால் அவருடைய அம்மாவின் தாலிச் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போயின. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி.

நாம் எட்டாம் வகுப்பில் போட்ட வட்டிக் கணக்குக்கு இப்போதுதான் உயிர் வந்தது. முதலாண்டு 75,000 ரூபாய்க்கு வட்டி 9,000. இரண்டாம் ஆண்டு 1,50,000 ரூபாய்க்கு வட்டி 18,000. படிப்பு முடியும் நாளில் கடன் 1,77,000 ரூபாய். ஒரு மருத்துவமனையில் அக்காவுக்குக் கிடைத்த முதல் சம்பளம் 9,000. பேருந்துக்கும் மதிய உணவுக்கும் கைச்செலவுக்கும் 3,000 போக மீதி 6,000. அதில் ஒரு ரூபாய்கூட வீட்டுக்குத் தராமல் அப்படியே கடனுக்குக் கட்டினாலும், மாதந்தோறும் வட்டியும் ஏறுவதால், முழுவதும் தீர ஏறக்குறைய 36 மாதம் ஆகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கையில் வயது 18; படிப்பு முடிக்கையில் 20; கடன் தீர்கையில் 23. அந்த வயதில்தான் சங்கிலி வீடு திரும்புகிறது. நம் ஊரில் 23 வயதுப் பெண் இருக்கும் வீட்டில் சங்கிலி நெடுநாள் தங்குவதில்லை என்பது பெற்றோருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பின் "வேலையை விட்டுவிடட்டும்" என்று ஒரு சொல் வந்துவிட்டால், ஐந்து ஆண்டு உழைப்பின் மிச்சம் சுழி.

இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். "மக்ளே, இவ்வளவு ரூவாயும் போட்டு எப்போ திரும்பக் கிடைக்கது?" என்று கேட்டுவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டார்கள். அண்ணன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். கேள்வி நியாயமானதே; இரு பிள்ளைகளுக்கும் கேட்க வேண்டிய கேள்வி.

அக்காவுக்கு நேர்ந்த வேறொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பணியிடங்களுக்கு ஆள் எடுக்க 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. ஆய்வக நுட்பநர் பணிக்கான அறிவிப்பு வந்தபோது அக்காவும் ஆவலோடு படித்துப் பார்த்திருக்கிறார். மருத்துவக் கல்வி இயக்குநரால் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. அவர் படித்த நிறுவனத்துக்கு அந்த அங்கீகாரம் இல்லை. சேரும்போது "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததாம். எந்த அரசு, எந்தத் துறை, எதற்கான அங்கீகாரம் என்று கேட்கும் துணிவோ அறிவோ அன்று அவர் வீட்டில் யாருக்கும் இல்லை. சங்கம் பதிவுசெய்த காகிதமும் அங்கீகாரம், கட்டடத்துக்கு வாங்கிய உரிமமும் அங்கீகாரம் என்று சொல்லிக்கொள்ளும் காலம் இது.

இதில் இன்னொரு புதிய செய்தியும் உண்டு. 2021-இல் நாடாளுமன்றம் துணைநிலை மற்றும் நலப்பணித் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி துணைநிலை மருத்துவத் தொழிலர் என்று கொள்ளப்பட, குறைந்தது 2,000 மணி நேரப் பயிற்சி, இரண்டு முதல் நான்கு ஆண்டுக்குள் பெற்றிருக்க வேண்டும். மேல் நிலையினருக்கு 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டு. மருத்துவ ஆய்வகத் துறையும் அச்சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஆசை காட்டும் குறுகிய படிப்புகளில் காசைப் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

"படித்து முடித்துச் சொந்தமாக லேப் வைத்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆய்வறிக்கையில் நோய்க்குறியியல் பயின்ற பதிவுபெற்ற மருத்துவரின் மேலொப்பம் வேண்டும் என்பதை உறுதிசெய்தது. எல்லாச் சோதனையையும் நாமே செய்தாலும் தாளில் கையெழுத்து நம்முடையதாக இராது. அது நியாயமா என்று வாதிட எனக்கு வயது போதாது. ஆனால் கருவி, வாடகை, கையெழுத்திடும் மருத்துவருக்கான தொகை இவற்றையெல்லாம் சேர்க்காமல் சொந்த லேப் கனவு காண்பது தவறு. போதாக்குறைக்குப் பெரிய நிறுவனங்கள் சிற்றூர்களில் மாதிரி சேகரிக்கும் நிலையம் மட்டும் வைத்து, இரத்தக் குழாய்களைப் பெருநகருக்கு அனுப்பிவிடுகின்றன. அங்கே பெரும் கருவி ஒன்று நூற்றுக்கணக்கானவற்றைச் சோதித்துவிடுகிறது. இங்கே ஊசி குத்த ஒருவர் போதும்.

வளைகுடா நாட்டு வேலையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நம் மாவட்டத்தில் அதை அறியாதவர் யார்? அங்கும் முன் அனுபவம் கேட்கிறார்கள், உரிமத் தேர்வு வைக்கிறார்கள், பல இடங்களில் பட்டம் பெற்றவரை விரும்புகிறார்கள். எனவே படிப்பில் சேரும் நாளிலேயே அந்தப் பணத்தை வரவில் எழுதக் கூடாது.

அப்படியானால் இப்படிப்பே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. இதே படிப்பு அரசு மருத்துவக் கல்லூரிகளில் மிகக் குறைந்த கட்டணத்தில் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இடம் தருகிறார்கள். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் சிறிய அளவில் தொடங்கி இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருக்கும் நிறுவனத்திலும் இத்துறைப் படிப்புகள் உள்ளன. கட்டணம் குறைவு, போட்டி கடுமை. கட்டணம், பேருந்து, நோட்டு எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டுக்கு 30,000 ரூபாய் ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதே 9,000 சம்பளம், அதே 6,000 மீதி. ஐந்து மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடுகிறது. அடகுக்கடைப் படியை மிதிக்கவே வேண்டாம். பெண்ணும் அதே பெண், வேலையும் அதே வேலை. சேர்ந்த இடம் மட்டுமே வேறு. என் கருத்தெல்லாம் இதில்தான் நிற்கிறது. குறைந்த கட்டணத்தில், அங்கீகாரம் உள்ள இடத்தில் கிடைத்தால் டி.எம்.எல்.டி. நம்மைப் போன்ற குடும்பத்துப் பெண்ணுக்கு மிக நல்ல படிப்பு. நகையை அடகு வைத்துத்தான் படிக்க முடியும் என்றால் அந்தப் பணத்துக்கு அது தகாது. அருகிலுள்ள கல்லூரியில் பி.எஸ்சி. படிப்பது மேல்.

ஆய்வகத் துறையிலேயே பட்டப் படிப்பும் இருக்கிறது. மூன்று ஆண்டுப் பாடமும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்த்து நான்கு ஆண்டு. பட்டயம் படித்தவள் அதற்குள் இரண்டு ஆண்டு சம்பாதித்திருப்பாள். மாதம் 6,000 மிச்சம் என்றால் 1,44,000 ரூபாய். பட்டம் பெற்றவளுக்கு மேற்படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் கதவு அகலமாகத் திறக்கும். குடும்பத்தில் பொறுத்திருக்க வசதி உண்டா என்பதைப் பொறுத்தது இது.

உதவித்தொகையை மறந்துவிடக் கூடாது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது; 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. இரண்டு ஆண்டுக்கு 24,000 ரூபாய். தனியார் நிறுவனக் கட்டணத்தின்முன் அது கடலில் கரைத்த பெருங்காயம். அரசுக் கல்லூரியில் சேர்ந்தவளுக்கோ ஏறக்குறைய முழுச் செலவுமே அதுவாகும்.

இங்கே அருட்சகோதரிகளிடம் மிகுந்த பணிவோடு ஒன்று கூற விரும்புகிறேன். நோயாளிக்குச் செய்யும் பணி சேவை என்று எங்களுக்குக் கற்பித்திருக்கிறீர்கள். அதை மனமார ஏற்கிறேன். அதிகாலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கும் முதியவர்களுக்கு இரத்தம் எடுப்பதும், பிறர் முகம் சுளிக்கும் சளியையும் மலத்தையும் முகம் சுளிக்காமல் சோதிப்பதும், ஊசி தவறிக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி தன் உடலில் ஏறும் என்று தெரிந்தே வேலை செய்வதும் சேவைதான். 2020-இல் கொரோனா காலத்தில் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தவர்களை நாம் மறக்க முடியாது. ஆனால் சேவை என்ற சொல்லைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன. "கல்யாணம் வரைதானே வேலை" என்று நிர்வாகமும் நினைக்கிறது, பெற்றோரும் நினைக்கிறார்கள், சில வேளைகளில் நாமும் நினைக்கிறோம். மூவரும் சேர்ந்து நினைத்தால் சம்பளம் எப்படி உயரும்? பத்து ஆண்டு அனுபவம் உள்ள கைக்கு நரம்பு முதல் குத்திலேயே கிடைக்கும். அந்தக் கையை 23 வயதில் வீட்டில் உட்கார வைப்பதால் நட்டம் அந்தப் பெண்ணுக்கு மட்டுமா?

நம் பள்ளியிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாற்றுச் சான்றிதழ் வாங்க நாங்கள் வரும் நாளுக்கு முன்பாக, மருத்துவக் கல்வி இயக்ககம் அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். முடிந்தால் நம் பழைய மாணவியரில் ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒருவரை அழைத்து, ஒரு மணி நேரம் எங்களோடு பேசச் செய்ய வேண்டும். அவர் தம் முதல் மாதச் சம்பளத்தை மறைக்காமல் சொன்னால் மிக நன்று.

நான் உயிரியல் பிரிவுதான் எடுக்கப் போகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் கைகொடுத்து அரசு இடம் கிடைத்தால் ஆய்வகம். இல்லையேல் நாகர்கோவிலில் பி.எஸ்சி. விலங்கியல், மூன்று ஆண்டு வீட்டிலிருந்தே போய் வரலாம், பஸ் பாஸும் உண்டு. அம்மாவின் சங்கிலி பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழக்கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.